சொல்லாமல் விடச் சொன்ன சொல்

மொழிபெயர்ப்போருக்கு விடுக்கப்படும் வேண்டுகோள்களுள் மிகக் கடினமானது, "இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்" என்பது. கடந்த ஆண்டு ஐதராபாத்தில் ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் அத்தகைய வேண்டுகோள் என்னிடம் வைக்கப்பட்டது. விடச் சொன்ன சொல் 'ஸ்டீராய்டு'. யாரிடம் அதைச் சொல்லக் கூடாது என்றார்களோ அவர் என் அம்மா. மொழியியல் பயின்றவள் என்னும் முறையிலும் மகள் என்னும் முறையிலும் அந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பதிவு சற்று நீளும், பொறுமையுள்ளோர் வாசிக்க.

அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினொரு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. ஈரோட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் இரவிக்கை தைத்துப் பிழைத்தவர். அப்பா மறைந்த பின்னர்த் தம் தையல் இயந்திரத்தோடு என்னிடம் வந்து சேர்ந்தார். பல்கலைக்கழகத்துக்கு அருகில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் தெலுங்குக் குடும்பங்கள் பல அவரிடம் துணி கொடுக்கத் தொடங்கின. ஆய்வு உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் வருவதில்லை என்பது இதனைப் படிக்கும் பலருக்கும் தெரியும். பல மாதங்களில் எங்கள் வீட்டு வாடகை அம்மாவின் வலக்கையிலிருந்தே வந்தது. அந்தக் கைதான் மெல்ல மெல்ல மேலெழ மறுத்தது.

முதலில் பரணில் இருக்கும் துணிப்பையை எடுக்க முடியவில்லை. பிறகு கொண்டை போட முடியவில்லை. பிறகு சேலைத் தலைப்பைத் தோளில் எறிய இடக்கையின் துணை வேண்டியிருந்தது. இரவில் வலப்புறம் ஒருக்களித்துப் படுத்தால் விழித்துக்கொள்வார். நான்கு மாதங்கள் தைலமும் ஒத்தடமும் வலிமாத்திரையுமாகக் கழிந்தன. ஆறு இரவிக்கைகள் வெட்டிய நிலையில் தைக்கப்படாமல் கிடந்த ஒரு வாரத்தில்தான் மருத்துவமனைக்குப் புறப்பட இசைந்தார்.

அங்கே என் பணி தொடங்கியது. மருத்துவர் தெலுங்கர்; அம்மாவோ தமிழன்றி வேறறியார். மருத்துவர், "நொப்பி எக்கட?" என்று கேட்டபோது நான் வாய் திறக்குமுன் அம்மா தோளைத் தொட்டுக் காட்டிவிட்டார். தெலுங்கின் நொப்பியும் கன்னடத்தின் நோவும் கொங்கு வட்டாரத்தில் இன்றும் வழங்கும் 'நோவு' என்பதும் ஒரே வேரின் கிளைகள். 'நோய்' என்பதும் அவ்வேரில் பிறந்ததே. பொதுத்தமிழில் இன்று ஆளும் 'வலி' என்னும் சொல் முற்காலத்தில் பெரிதும் ஆற்றலையே குறித்தது. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் நோவைப் பற்றிப் பேசவில்லை. தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவது பற்றிப் பேசுகிறது. வகுப்பில் படித்த செய்தி ஒன்று மருத்துவமனை நாற்காலியில் பயன்பட்டது கண்டு எனக்குச் சிறு மகிழ்ச்சி.

மகிழ்ச்சி நெடுநேரம் நீடிக்கவில்லை. எத்தகைய வலி என்பது அடுத்த கேள்வி. அம்மா சொன்னார்: "பகல்ல இழுத்துப் புடிச்ச மாதிரி இருக்குதுங்க. ராத்திரியானா உள்ளுக்குள்ள கொடையுது. கையைச் சட்டுனு நீட்டினா சுரீர்னு ஒண்ணு ஏறுது." ஒரே தோளுக்கு மூன்று வினைகள். குடைச்சல் என்பது மரத்தைத் துளைக்கும் வண்டின் வேலையிலிருந்து வந்த சொல். மேற்பரப்பில் நிகழ்வதன்று, ஆழத்தில் விடாது நிகழ்வது. இவ்வளவையும் நான் ஆங்கிலத்தில் கூறி முடிப்பதற்குள் மருத்துவர் சீட்டில் 'வலி' என்று மட்டும் எழுதிவிட்டு, பத்துக்கு எத்தனை என்று கேட்டார். அம்மா சற்று யோசித்து, "ராத்திரிக்கு ஒரு கணக்கு, பகலுக்கு ஒரு கணக்கு கண்ணு. எதைச் சொல்ல?" என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். இரவில் மிகும் வலி என்பது நோயறிதலுக்கு உதவும் செய்தி.

ரொனால்டு மெல்சாக் 1975ஆம் ஆண்டு மெக்கில் வலி வினாநிரலை வெளியிட்டபோது, நோயாளிகள் வலியை வருணிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாகப் பிரித்துத் தந்தார். வலியின் அளவு மட்டுமன்றி அதன் தன்மையும் மருத்துவத்துக்குரிய சான்று என்பதே அதன் அடிப்படை. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், காந்தல், விண்விண்ணெனத் தெறித்தல் என்று நம்மிடமும் ஒரு நிரல் இருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த நிரல் முழுவதும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

மருத்துவர் அம்மாவின் முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து முன்கையை வெளிப்புறமாகத் திருப்பினார். சிறிது தூரம் சென்றதும் நின்றுவிட்டது. அம்மாவாகத் திருப்பினாலும் அவர் திருப்பினாலும் நின்ற இடம் ஒன்றே. தசைநாண் பழுதாக இருப்பின் பெரும்பாலும் நோயாளியால் இயலாததைப் பிறர் உதவி செய்து முடிக்கலாம். இங்கே மூட்டே பூட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் குறையொன்றும் இல்லை. சீட்டில் 'பெரியார்த்ரைட்டிஸ்' என்று எழுதினார். வாயால் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார்.

இந்நோயின் பெயர்களே ஒரு வரலாறு. மூட்டைச் சூழ்ந்த பகுதியின் அழற்சி என்னும் பொருள்படும் பெயரை 1872இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் துப்பிளே வழங்கினார். உறைந்த தோள் என்பது 1934இல் அமெரிக்க மருத்துவர் காட்மன் இட்ட பெயர். 1945இல் நெவியாசர் மூட்டைச் சூழ்ந்த பையின் ஒட்டலழற்சி என்று அதைத் திருத்தினார். சப்பானியர் வெகு எளிதாக 'கொஜூகதா' என்கின்றனர். ஐம்பது வயதுத் தோள் என்பது பொருள். தமிழில் நாம் 'உறைந்த தோள்' என்று மொழிபெயர்க்கும்போது தற்செயலாக ஒரு நன்மை விளைகிறது. 'உறைதல்' என்பது இறுகிக் கெட்டியாதல். 'உறை' என்பது மூடியிருக்கும் பை. தோள்மூட்டைப் போர்த்தியிருக்கும் உறை தடித்துச் சுருங்கி இறுகுவதே இந்நோய். உறை உறைகிறது. ஆங்கிலப் பெயர் சொல்லாத உடற்கூற்றைத் தமிழ்ப் பெயர் சொல்லிவிடுகிறது. நீரிழிவு உள்ளோரிடம் இது மற்றவரைக் காட்டிலும் மிகுதியாகவும் பிடிவாதமாகவும் வருகிறது என்பதும் நன்கு நிறுவப்பட்ட செய்தி.

சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மருத்துவர் ஆங்கிலத்துக்கு மாறினார். மூட்டுக்குள் ஒரு கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி, அதனுடன் பயிற்சி என்றார். தொடர்ந்து, தணிந்த குரலில், "அவர்களிடம் ஸ்டீராய்டு என்று சொல்ல வேண்டாம்; வலி ஊசி என்று சொல்லுங்கள். சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். பிறகு ஆறு மாதம் கழித்து இன்னும் மோசமாகி வருவார்கள்" என்றார். அவர் தீயவர் அல்லர். நாள் முழுவதும் தோள்களைப் பார்த்து, எழுந்து போனவர்களையும் பார்த்தவர். அவர் கணிப்பு பிழையென்றும் சொல்ல முடியாது. அதனாலேயே அந்த வேண்டுகோளின் எடை கூடியது.

அம்மாவின் அச்சத்துக்கு ஓர் ஆண்டும் ஒரு முகமும் உண்டு. 2021ஆம் ஆண்டு, கொரோனாவின் இரண்டாம் அலை. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, அவரும் நீரிழிவாளர், மூச்சுத்திணறலுக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பினார். சில வாரங்களில் கன்னம் வீங்கிக் கண் மங்கியது. கறுப்புப் பூஞ்சை என்று நாம் அழைத்த மியூக்கோர்மைக்கோசிஸ். உயிர் தப்பியது, ஒரு கண் தப்பவில்லை. அவ்வாண்டு மே மாதம் அதை அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு ஒன்றிய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதும், கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டின் மிகைப் பயன்பாடும் காரணங்களாகப் பேசப்பட்டதும் நினைவிருக்கும். 'ஸ்டீராய்டு' என்னும் சொல் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது அந்தக் கண்ணின் வழியாகத்தான். இதனை அறியாமை என்று எவரேனும் சொல்வாராயின் நான் உடன்படேன். நீரிழிவும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேடு வரக்கூடும் என்பது மருத்துவ நூல்களும் ஒப்பும் செய்தி. அம்மாவின் அறிவில் குறைந்திருந்தது அளவும் வழியும் மட்டுமே.

ஸ்டீராய்டு என்பது ஒரு மருந்தின் பெயரன்று. ஒரு வேதிக் குடும்பத்தின் பெயர். நான்கு கரிம வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்த கட்டமைப்பு அக்குடும்பத்தின் அடையாளம். கொலஸ்ட்ராலும் அக்குடும்பம், ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனும் அக்குடும்பம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை பெருக்கவும் ஓட்டப்பந்தயங்களில் முறைகேடாகவும் பயன்படுவது டெஸ்டோஸ்டிரோனின் கிளை. மூட்டில் செலுத்தப்படுவது கார்ட்டிசாலின் கிளை. கார்ட்டிசால் நம் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் நாள்தோறும் சுரப்பது. கார்ட்டெக்ஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு மரப்பட்டை என்று பொருள். புறணி என்னும் தமிழ்ச்சொல்லுக்கும் அதுவே. புறம்பேசுதலையும் நாம் புறணி என்கிறோம் என்பது வேறு கதை. இம்மருந்தைப் பற்றி உலவும் புறணியும் குறைவன்று.

1948ஆம் ஆண்டு செப்டம்பரில் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடமாட இயலாதிருந்த இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாட்களில் அவர் நடந்தார். 1950இல் ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நெடுங்காலம் மிகுந்த அளவில் உட்கொண்டோருக்கு முகம் வீங்குவதும் எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும் விரைவிலேயே தெரியவந்தன. உடல் முழுதும் பரவாமல் நோயுற்ற மூட்டுக்குள் மட்டும் செலுத்தினால் என்ன என்னும் வழியை 1951இல் ஹாலண்டரும் அவர் குழுவினரும் காட்டினர். இன்று தோளில் போடப்படும் ஊசி அவ்வழியில் வந்தது. கொரோனாவிலும் கதை இருமுகம் கொண்டது. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் இறப்பை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் குறைத்தது என்று 2020இல் ரெகவரி ஆய்வு நிறுவியது. அதே மருந்து தேவையற்றோருக்கும் மிகையாகவும் கொடுக்கப்பட்டபோது கண்கள் போயின. ஒரே சொல்லுக்குள் இத்தனையும் அடங்கிக் கிடக்கின்றன.

நான் சொல்லிவிட்டேன். "அம்மா, இவங்க சொல்றது ஸ்டீராய்டு ஊசி" என்று தொடங்கினேன். அம்மாவின் முகம் மாறியது. எழவில்லை. என்னைப் பார்க்காமல் மருத்துவரை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: "இதுல கண்ணு போகுமுங்களா?"

அதையும் மொழிபெயர்த்தேன். மருத்துவர் நாற்காலியைச் சற்று முன்னிழுத்துக்கொண்டார். அதன்பின் நிகழ்ந்த உரையாடல் பத்து நிமிடங்களுக்கும் குறைவானது. மருத்துவமனைகளில் நான் கேட்டவற்றுள் சிறந்த உரையாடல் அதுதான். அம்மா மூன்று கேள்விகள் கேட்டார்.

முதற்கேள்வி கண். மருத்துவரின் விடை: இது நாள்தோறும் கொடுப்பதன்று, ஒரே முறை, டிரையம்சினலோன் 40 மில்லிகிராம். பெரும்பகுதி மூட்டிலேயே தங்கி மெல்லக் கரையும். ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கவே செய்யும். ஆதலால் சில நாட்கள் சர்க்கரை ஏறும். அதை அளந்து பார்த்துச் சமாளிக்க வேண்டும். உடலில் எங்கேனும் தொற்று இருந்தால், சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால், ஊசி போடமாட்டேன்.

இரண்டாங்கேள்வி: "போட்டா மறுபடி மறுபடி போட்டுக்கிட்டே இருக்கோணுமா?" இல்லை என்றார். அடிக்கடி போட்டால் தசைநாணும் குருத்தெலும்பும் கெடக்கூடும். ஆகவே இடைவெளியும் வரம்பும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், சிறு குழி விழலாம், ஓரிரு நாள் வலி கூடவும் செய்யலாம். மூட்டுக்குள் தொற்று ஏற்படுவது மிக அரிது. ஏற்பட்டால் காய்ச்சலும் வீக்கமும் வரும், அப்போது உடனே வர வேண்டும்.

மூன்றாங்கேள்வி: "போடலீன்னா?" மருத்துவர் சிறிது நேரம் யோசித்தார். போடாவிட்டாலும் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில், சிலருக்கு அதற்கும் மேலான காலத்தில், தானாகவே தளரும். முழுதும் பழைய நிலைக்கு வராமலும் போகலாம். ஊசி அந்தக் காலத்தின் தொடக்கத்தில் உள்ள வலியைக் குறைக்கும். வலி குறைந்தால் பயிற்சி செய்யலாம், உறங்கலாம். இவ்வளவே அதன் வேலை என்றார்.

"ரோசிச்சுச் சொல்றேனுங்க" என்று எழுந்தார் அம்மா. மருத்துவர் என்னை ஒருமுறை பார்த்தார். அவர் அஞ்சியது நடந்துவிட்டதாகவே இருவரும் எண்ணினோம்.

அவ்வாரம் நான் ஆய்வேட்டை ஒதுக்கிவைத்து மருத்துவ ஆய்வுகளைப் படித்தேன். 2020இல் லான்செட் இதழில் வெளியான யூகே ஃப்ராஸ்ட் ஆய்வு, உறைந்த தோள் கொண்ட 503 பேரிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டது: மயக்கமருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவித்தல், நுண்துளை அறுவை, ஸ்டீராய்டு ஊசியுடன் கூடிய முறையான இயன்முறைப் பயிற்சி. ஓராண்டு முடிவில் எந்த முறையும் மற்றவற்றைவிட மருத்துவ நோக்கில் தெளிவாக மேம்பட்டதாக இல்லை. அவ்வாறெனில் ஊசியும் பயிற்சியும் என்னும் எளிய வழியை முதலில் நாடுவதில் இழுக்கில்லை. 2021இல் அதே இதழில் வந்த கிராஸ்ப் ஆய்வோ வேறு நோயைப் பற்றியது: தோள் சுழல்தசைப் பழுதுள்ள 708 பேர். அங்கே ஊசி எட்டு வாரங்களில் சிறு நன்மை தந்தது. ஓராண்டில் அந்த வேறுபாடு மறைந்தது. முழங்கை வெளிப்புற வலிக்கு ஊசி போட்டுக்கொண்டோர் ஓராண்டுக்குப் பின் போடாதோரைவிடப் பின்தங்கியதையும் 2013இல் ஒரு ஆய்வு காட்டியிருந்தது. தோள்வலிக்கு ஸ்டீராய்டு நல்லதா என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பதே நான் கற்றது. எந்தத் தோள், எந்தக் கட்டம், எவ்வளவு காலத்துக்கு என்று கேள்வியைப் பிரித்தால்தான் விடையும் கிடைக்கிறது.

இவற்றை அம்மாவிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அறிவுரை சொல்லவில்லை, கேட்டாலொழியச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஐந்தாம் நாள் அவரே, "எட்டு வாரம் தூக்கம் கெடச்சாலும் போதுங் கண்ணு. ஆனா சக்கரை மிசின் வாங்கிக் குடுத்துரு" என்றார்.

வாங்கினோம். ஊசி தோளின் பின்புறமாகப் போடப்பட்டது. மரத்துப்போகும் மருந்தும் கலந்திருந்ததால் அம்மா வீடு வரும்வரை வலியே இல்லையென்று வியந்துகொண்டு வந்தார். அன்றிரவு வலி முன்னிலும் கூடியது. முன்பே சொல்லப்பட்டிருந்ததால் பதற்றமில்லை. வெறும் வயிற்றில் 138 ஆக இருந்த சர்க்கரை மூன்றாம் நாள் காலை 226 காட்டியது. தொலைபேசியில் மருத்துவர் சொன்னபடி மாத்திரையின் அளவு சில நாட்களுக்கு மாற்றப்பட்டது. ஒன்பதாம் நாள் 141. அந்த எண்களைத் தையல் அளவுகள் எழுதும் நோட்டிலேயே, வாடிக்கையாளர் ஒருவரின் மார்புச் சுற்றளவுக்குக் கீழே எழுதிவைத்திருந்தார். ஸ்டீராய்டு என்று சொல்லப்படாமல் 'வலி ஊசி' என்று மட்டும் அறிந்து வீடு திரும்பும் நீரிழிவாளர் ஒருவர், மூன்றாம் நாள் ஏறிய சர்க்கரைக்கு என்ன காரணம் கண்டிருப்பார்? அளந்தே பார்த்திருக்க மாட்டார் என்பதே உண்மைக்கு அருகில்.

இரண்டாம் வாரத்தில் குடைச்சல் போயிற்று. அம்மா இரவு முழுதும் உறங்கினார். இழுப்புப் போகவில்லை. அதற்குப் பயிற்சிதான். கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டுவது, துணி அளக்கும் மரக்கோலை இரு கைகளாலும் பிடித்து வலக்கையை வெளிப்புறம் தள்ளுவது, சுவரில் விரல்களால் ஏறுவது. ஒவ்வொரு ஞாயிறும் விரல் எட்டிய உயரத்தில் தையல் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஏழு மாதங்களில் இருபத்தாறு கோடுகள். சில ஞாயிறுகளில் கோடு முந்தையதற்குக் கீழே விழுந்தது. இன்று கை தலைக்கு மேல் செல்கிறது. முதுகுப்புறம் முழுதாகச் செல்வதில்லை; அதற்கென்று தமக்கு முன்கொக்கி வைத்து இரவிக்கை தைத்துக்கொண்டார். இரண்டாம் ஊசி வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது வேண்டாமென்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்தியாவின் பெருநகர் ஒவ்வொன்றிலும் வேற்றுமொழி நோயாளிகள் நிறைந்திருக்கின்றனர். அவர்களுக்கும் மருத்துவருக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். பள்ளிக்கு விடுப்பெடுத்து வந்த மகளோ பக்கத்து வீட்டாரோ வார்டு ஊழியரோ ஆவர். அவர்களிடம் இரு தரப்பும் நம்பிக்கை வைக்கின்றன. இரு தரப்பும் சிலவற்றை விட்டுவிடச் சொல்கின்றன. ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் இடுபவர் எந்தச் சொல்லுக்கு ஒப்புகிறார் என்பதை அவர்களே அறிவர். மருத்துவத் தொடர்பியலைப் பற்றி நம் மொழியியல் துறைகளில் ஆய்வு செய்வோர் மிகச் சிலரே. ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் முதுகலை மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

நோயாளிகள் தம் வலியைச் சொல்லத் தமிழ் வட்டாரங்களில் வழங்கும் வினைகளையும் ஒலிக்குறிப்புகளையும் திரட்டத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை அறுபத்து மூன்று சேர்ந்துள்ளன. உங்கள் ஊரில் தோளும் முதுகும் முழங்காலும் என்ன செய்கின்றன என்பதை, எந்த ஊர், யார் வாய்ச்சொல் என்னும் குறிப்போடு பின்னூட்டத்தில் எழுதுங்கள். 'பயங்கர வலி' என்பது வேண்டாம். அது ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது.